குதிரைக்குச் சொன்னது

என் வலது தோளில் ஒரு தழும்பு இருக்கிறது. அரைவட்டமாகப் பல் பதிந்த தழும்பு. பேரப்பிள்ளைகள் கேட்டால் நாய் கடித்தது என்று சொல்லிவிடுவேன். குதிரை கடித்தது என்றால் ஏன் கடித்தது, எப்படிக் கடித்தது என்று தொடங்குவார்கள். அதற்கு மறுமொழி சொல்ல ஒரு முழுநாள் வேண்டும். அதோடு என் மானமும் போகும். இந்த வயதில் மானத்தைக் கட்டிக்காத்து யாருக்குக் கொடுக்கப் போகிறேன்? எழுதிவிடுகிறேன்.

ஐம்பதுகளின் நடுவில் எனக்குக் கலியாணம் நடந்தது. ஊர் மருதமுனை. எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வந்து குடியிருப்பார். வீடும் அதைச் சுற்றிய வளவும் பெண்ணுடையவை. வாப்பா மௌத்தாகி மண்ணுக்குள் போய்விட்டதால் உம்மா மட்டும் வளவின் பின்பக்கத்தில் ஒரு சின்னக் குடிலைப் போட்டு அங்கே ஒதுங்கிக்கொண்டார். மாப்பிள்ளை ஒலுவிலில் இருந்து வந்தார். ஒரு தகரப் பெட்டி, ஒரு கரத்தை, அந்தக் கரத்தையை இழுக்கிற குதிரை. இவ்வளவும்தான் அவர் கொண்டு வந்தவை. கல்முனைச் சந்தையில் இருந்து அக்கரைப்பற்று வரைக்கும் ஆட்களை ஏற்றி இறக்குவது அவருடைய தொழில்.

குதிரை உயரமானதல்ல. மன்னார்ப் பக்கமிருந்து வந்த மட்டக் குதிரை. செம்மண் நிறம், நெற்றியில் ஒரு வெள்ளை. உருவம் சிறிது என்றாலும் ஆங்காரம் பெரிது. அவரைத் தவிர யார் கிட்டப் போனாலும் காதை மடித்துக்கொண்டு பல்லைக் காட்டும். உம்மா அதை "உன்ட சக்களத்தி" என்றுதான் சொல்லுவார். அது ஆண் குதிரை உம்மா என்று நான் சொன்னாலும் விடமாட்டார். "ஆணோ பெண்ணோ, உன்ட புருசன் விடிஞ்சா முகம் முழிக்கிறது அதுக்கிட்டத்தானே?" என்பார்.

உம்மா சொன்னதில் பிழை இல்லை. சுபஹு தொழுதுவிட்டு வந்தால் அவர் முதலில் போகிற இடம் குதிரைக் கொட்டில்தான். தேய்ப்பார், தட்டிக்கொடுப்பார், காதுக்குள் ஏதோ முணுமுணுப்பார். உள்ளே வந்தால் வாய் பூட்டிவிடும்.

அந்தப் பூட்டைப் போட்டவள் நான்தான். அதை முதலிலேயே ஒப்புக்கொள்ள வேண்டும். அவருக்குத் திக்குவாய். சம்பந்தம் பேச வந்தவர்கள் அதை மறைக்கவில்லை. "கதைக்கக்குள்ள கொஞ்சம் திக்கும், வேற ஒரு குறையும் இல்ல" என்றார்கள். எனக்கும் அது ஒரு குறையாகப் படவில்லை. ஆனால் கலியாணம் முடிந்த மூன்றாம் நாள் காலையில், நான் சீப்பால் தலை இழுத்துக்கொண்டிருந்தபோது, பின்னால் வந்து நின்று "மு... மு... மு..." என்று தொடங்கினார். சொல் வரவில்லை. கழுத்து நரம்பு புடைத்தது. காலால் நிலத்தைத் தட்டித் தட்டி அந்தச் சொல்லை வெளியே தள்ளப் பார்த்தார். நான் சிரித்துவிட்டேன்.

கெட்ட சிரிப்பல்ல. பதினெட்டு வயதில் காரணம் இல்லாமல் வருமே, வந்தால் நிற்காதே, அந்தச் சிரிப்பு. வாயைப் பொத்தினேன், மூக்கால் வந்தது. அவர் அந்தச் சொல்லை அப்படியே விட்டுவிட்டு வெளியே போய்விட்டார். என்ன சொல்ல வந்தார் என்று நானும் கேட்கவில்லை.

அதற்குப் பிறகு எட்டு மாதம். "ஓம்." "ம்." "சோறு." இவ்வளவுதான் எனக்குக் கிடைத்தது. ஏசினாரா, கை நீட்டினாரா? அல்லாஹ்வுக்காகச் சொல்கிறேன், ஒரு நாளும் இல்லை. மீன் வாங்கி வருவார். கிணற்றில் அள்ளி வைப்பார். எனக்குக் காய்ச்சல் என்றால் கரத்தையைக் கட்டாமல் வாசலிலேயே குந்தியிருப்பார். கதை மட்டும் இல்லை. மாப்புக் கேட்க எனக்கும் வாய் வரவில்லை. தெருவில் போகிற காற்றோடும் சண்டைக்கு நிற்கிற வாய், அவருக்கு முன்னால் மட்டும் செத்துக் கிடந்தது. அந்த மனிதர் ஒரு தரம் என்னோடு வாய் திறந்து கதைக்க வேண்டும். அதைத் தவிர வேறு ஒரு ஆசையும் அந்த எட்டு மாதத்தில் எனக்கு இருந்ததாக ஞாபகம் இல்லை.

அப்போது வேளாண்மை வெட்டுக் காலம். சொறிக்கல்முனைக்கு ஒரு கலியாண வீட்டாரை ஏற்றிக்கொண்டு போயிருந்தார். ஆட்கள் சாமான் இறக்குகிற நேரம் பார்த்து, குதிரை களத்து ஓரத்தில் குவித்துக் கிடந்த புது நெல்லில் வாயை வைத்துவிட்டது. எவ்வளவு தின்றதோ, வீடு வந்து சேரும்போது வயிறு மத்தளமாகப் பொருமிவிட்டது. கரத்தையில் இருந்து அவிழ்த்ததும் முன்காலால் மண்ணைக் கிளறியது. திரும்பித் திரும்பித் தன் வயிற்றையே பார்த்தது. படுத்து உருளப் பார்த்தது. உருள விட்டால் குடல் முறுகிச் செத்துப்போகும். அவர் கயிற்றைப் பிடித்துக்கொண்டு வளவைச் சுற்றிச் சுற்றி நடத்தினார். அவருடைய முகத்தைப் பார்க்க எனக்குப் பயமாக இருந்தது.

பக்கத்து வீட்டார் ஓடிப்போய்ப் பாண்டிருப்பில் இருந்து மாட்டு வைத்தியம் பார்க்கிற பரிசாரியை அழைத்து வந்தார்கள்.

எங்கள் வளவுக்குள் ஓர் உள்வேலி உண்டு, தென்னோலை பின்னிய கிடுகு வேலி. தெருப்பக்கத்தில் குதிரைக் கொட்டிலும் கரத்தையும். அங்கே பிற ஆண்கள் வந்து போவார்கள். உள்பக்கத்தில் கிணறும் குசினியும் நாங்களும். வேலி நடுவில் ஒரு ஆள் நுழைகிற அளவுக்குக் கடப்பு. கலியாணமாகி வருடம் திரும்பாத பெண் அந்தக் கடப்பைத் தாண்டி முன்பக்கம் போவதில்லை. பரிசாரி கடப்புக்கு அந்தப்பக்கம் நின்று, இந்தப்பக்கம் முக்காட்டோடு நின்ற எனக்கு மருந்து சொன்னார். அரைக்கப் போகிறவள் நான்தானே. என் புருஷன் குதிரையோடு வளவின் மறுகோடியில் இருந்தார். பரிசாரி சொன்னது அவர் காதில் விழவில்லை.

"தங்கச்சி, கவனமாக் கேளுங்கோ. இஞ்சி, உள்ளிப்பூடு, ஓமம், பெருங்காயம், இந்துப்பு. பட்டுப்போல அரைச்சு, கொதிச்சாறின தண்ணியில கரைச்சு, பனங்கட்டி போடுங்கோ. பொழுதுபடக்குள்ள ஒருக்காக் குடுத்தாப் போதும். இண்டையோட ஏழு நாள். அதுக்கு மிஞ்சத் தேவையில்ல. ஊத்துறவர் ஆறுதலா ஊத்தோணும். மூச்சுக்குள்ள போனா மருந்தே எமன்."

அரைத்துக் கரைத்துச் சட்டியைக் கடப்பால் நீட்டினேன். அவர் வாங்கிக்கொண்டு போனார். சட்டி திரும்பி வர வேண்டுமே என்று வேலியோரம் நின்றேன். அப்படித்தான் தொடங்கியது, வேறு எண்ணம் எனக்கு இல்லை. கிடுகு இற்றுப்போன ஒரு ஓட்டை கண்ணுக்கு நேரே இருந்தது. அதற்குள்ளால் குதிரையின் கழுத்தும் அவருடைய கையும் தெரிந்தன.

பரிசாரி முதலில் ஊற்றிப் பார்த்தார். குதிரையின் தலையைக் கயிற்றால் கொட்டிலின் கூரை வளையில் இழுத்துக் கட்டி, கொஞ்சம் மேலே நிமிர்த்தியிருந்தார்கள். ஒரு முனையைச் சரிவாகச் சீவி, விளிம்பை வழவழவென்று சுரண்டிய மூங்கில் குழல். முன்பல்லுக்கும் கடைவாய்ப் பல்லுக்கும் நடுவே பல் இல்லாத இடம் ஒன்று குதிரைக்கு உண்டு. அதற்குள்ளால் குழலை நுழைத்து ஒரு வாய் ஊற்றினார். குதிரை கன்னத்தில் அடக்கி வைத்திருந்து, அவர் கையெடுத்ததும் புளிச்சென்று அவருடைய சால்வையில் துப்பியது. இரண்டாம் தரமும் அதே. "இது எனக்குச் சரிவராது தம்பி, உங்கட கையால பாருங்கோ" என்று குழலை அவரிடம் கொடுத்துவிட்டுப் பரிசாரி சால்வையை உதறிக்கொண்டு போய்விட்டார்.

கொட்டிலில் அவரும் குதிரையும் மட்டும். அவர் குழலை நுழைத்தார், ஊற்றினார், குதிரை அடக்கி வைத்துக்கொண்டு அவரையே பார்த்தது. தொண்டை அசையவில்லை. அப்போது அவர் கதைக்கத் தொடங்கினார்.

"முழுங்கிரு மனே. எண்ட ராசாவெல்லோ. கசக்குந்தான், எனக்குத் தெரியாதா? புது நெல்லக் கண்டா உனக்குக் கண் தெரியாது, அதுக்கு நான் என்ன செய்யிற? ஆ, அப்பிடித்தான். இன்னொரு வாய். உனக்கு ஒண்டு நடந்தா நான் யார்ர மூஞ்சியப் பாத்துக்கு இரிக்கிற?"

குதிரையின் காது அவர் பக்கம் திரும்பியது. தொண்டையில் ஒரு முடிச்சு இறங்கியது. நான் வேலியைப் பிடித்துக்கொண்டேன். எண்ட றப்பே, எண்ட அல்லாஹ்வே! ஒரு திக்கல் இல்லை. ஒரு எழுத்து முட்டவில்லை. மடை திறந்த வாய்க்காலில் தண்ணீர் ஓடுகிற மாதிரி அவருடைய கதை ஓடியது. எட்டு மாதமாக நான் ஒரு சொல்லுக்கு ஏங்கிக் கிடக்கிறேன், இந்த மனிதர் இவ்வளவையும் ஒரு குதிரைக்குக் கொட்டுகிறார். எனக்கு வந்த ஆத்திரத்தில் சட்டியைப் பிடுங்கி அந்தக் குதிரையின் தலையில் போட்டு உடைத்திருப்பேன். ஆனால் காலை எடுக்க மனம் வரவில்லை. அவருடைய குரல் அவ்வளவு நல்ல குரல் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

அவர் கதைக்காவிட்டால் குதிரை விழுங்காது. ஒரு வாய்க்கு நாலு வசனம். சட்டி முடிய அரைமணி நேரத்துக்கு மேலாகும். அரைமணி நேரம் என்ன கதைப்பது? குதிரைக்குப் புத்தி சொல்லி முடிந்ததும் தெருக்கதை, தெருக்கதை முடிந்ததும் வீட்டுக்கதை. இரண்டாம் நாளே என்னைப் பற்றி வந்துவிட்டது.

"இண்டைக்குக் கணவாய் ஆணம் மனே. நல்ல ருசி, ஆனா புளி கூடிப் போச்சு. எப்பவும் அவக்குப் புளி கூடத்தான். ரெண்டு கோப்ப திண்டன். நல்லம் எண்டும் சொல்லல்ல, புளி எண்டும் சொல்லல்ல. என்னத்தச் சொல்லுற?"

புளியா? என்னுடைய ஆணத்திலா? குசினிக்குப் போய் உம்மாவிடம் சண்டை பிடித்தேன். "எனக்குச் சமைக்கப் பழக்கினது நீங்க, புளி அளவு தெரியாதவ நீங்க!" உம்மா ஒன்றும் விளங்காமல் என்னைப் பார்த்தார். "உனக்கு என்ன, சைத்தான் பிடிச்சிரிக்கா?" என்றார்.

மறுநாள் புளியை அரைவாசியாகக் குறைத்தேன். பொழுதுபடும் வரைக்கும் கால் ஒரு இடத்தில் நிற்கவில்லை. "இண்டைக்குப் புளி அளவு மனே, கையால அளந்த மாதிரி" என்று அவர் குதிரைக்குச் சொன்னபோது, வேலிக்கு இங்கால நான் வாயைப் பொத்திக்கொண்டு குதித்தேன். இப்படியே பழகிவிட்டது. பச்சைச் சாரி உடுத்தால் பச்சைச் சாரியைப் பற்றி வரும். நான் உம்மாவோடு சண்டை பிடித்தால், "அவட வாய் பட்டாசு மனே, ஆனா மனசில ஒண்டும் இல்ல" என்று வரும். எனக்கும் அவருக்கும் நடுவில் ஒரு குதிரை நின்று கதை கடத்தியது. சீ, இது என்ன வாழ்க்கை என்று ஒரு மனம் சொல்லும். நாளைக்கு என்ன சொல்லுவார் என்று மறு மனம் பொழுதுபடக் காத்திருக்கும்.

ஐந்தாம் நாள் ஒன்று சொன்னார், அது எனக்குச் சுட்டது. "இந்த ஊட்டில ஆணி கூட அவடது மனே. எண்டது எண்டு இரிக்கிறது நீ மட்டுந்தான். அதால பாத்து முழுங்கு." எங்கள் பெண்கள் வீட்டோடு பிறந்து வீட்டோடு சாகிறவர்கள். வருகிற மாப்பிள்ளைக்கு அந்நிய வீட்டில் எப்படி இருக்கும் என்று அதுவரை நான் ஒரு நாளும் யோசித்ததில்லை.

மருந்து வேலை செய்தது. வயிறு வற்றியது, புல்லில் வாய் வைத்தது, ஆறாம் நாள் உம்மாவைப் பார்த்துப் பல்லைக் காட்டியது. எல்லாருக்கும் சந்தோசம். எனக்கு மட்டும் இல்லை. ஏழாம் நாள் முடிந்தால் மருந்து இல்லை. மருந்து இல்லாவிட்டால் கதை இல்லை. வளவில் நின்று கொஞ்சுவதெல்லாம் முணுமுணுப்புத்தான், வேலிக்கு இங்கால கேட்காது. திரும்பவும் "ஓம்", "ம்", "சோறு". நோய் கூடட்டும் என்று கேட்கிற அளவுக்கு நான் கெட்டவள் இல்லை. ஆனால் ஏழாம் நாள் அவர் வெறும் சட்டியைக் கடப்பால் நீட்டியபோது என் வாய் தன்பாட்டில் திறந்தது.

"பரிசாரி பதினாலு நாள் குடுக்கச் சொன்னவர், மச்சான்."

அவர் என்னைப் பார்த்தார். பிறகு கொட்டிலில் சுகமாக நின்று தவிடு தின்கிற குதிரையைப் பார்த்தார். "ம்" என்றார்.

பொய் சொன்னாலும் பயம் இல்லாமல் இல்லை. சுகமான குதிரைக்கு அவ்வளவு உள்ளியையும் பெருங்காயத்தையும் கொடுத்து அது செத்துப்போனால்? எட்டாம் நாளில் இருந்து வாசனைக்குக் கொஞ்சம் ஓமம் தட்டிப்போட்டு, மீதிக்குப் பனங்கட்டியைக் கரைத்தேன். குதிரைக்கு வாழ்வு வந்தது. அடக்கி வைப்பதுமில்லை, துப்புவதுமில்லை. ஆனாலும் அவர் கயிற்றைக் கட்டினார், குழலை நுழைத்தார், ஒவ்வொரு வாய்க்கும் நின்று நின்று கதைத்தார். விழுங்கிய பிறகும் கதைத்தார். அது ஏன் என்று யோசிக்கிற புத்தி எனக்கு இருக்கவில்லை. கேட்டுக்கொண்டே இருந்தேன்.

ஒன்பதாம் நாள், தன்னுடைய ஆறு வயதில் தன் உம்மா மௌத்தான கதை சொன்னார். பத்தாம் நாள், குர்ஆன் ஓதப் போன இடத்தில் பிள்ளைகள் அவர் மாதிரித் திக்கிக் காட்டிச் சிரித்த கதை. பன்னிரண்டாம் நாள் சொன்னதை அவர் சொன்னபடியே எழுதுகிறேன்.

"கலியாணம் முடிஞ்சு மூண்டாம் நாள் அவ தல இழுத்துக்கு நிண்டா மனே. முழங்கால் மட்டுக்கும் தொங்குது. உன்ட முடி வடிவா இரிக்கி எண்டு சொல்லத்தான் போனன். முடி எண்டுற சொல்லு வரல்ல. வேற சொல்லாச் சொல்லியிரிக்கலாம், அந்த நேரம் புத்தி வரல்ல. அவ சிரிச்சிட்டா. அவவில பிழ இல்ல, நான் நிண்ட நில அப்பிடி."

நான் வேலியடியில் குந்திவிட்டேன். முடி! எட்டு மாதம் நான் பட்ட பாட்டுக்கெல்லாம் அந்த ஒரு சொல்தானா? எழும்பிப் போய் அவருடைய காலைப் பிடித்திருக்கலாம். கடப்பு ஐந்து அடி தூரத்தில் இருந்தது. போனால் இவ்வளவு நாளும் ஒட்டுக்கேட்டேன் என்று தெரிந்துவிடும், பதினாலு நாள் என்று பொய் சொன்னது தெரிந்துவிடும். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வெறும் சட்டிக்குக் கை நீட்டினேன்.

பதினாலாம் நாள். கடைசி நாள். அதற்கு மேல் பரிசாரியின் பெயரைச் சொல்லி ஏமாற்ற முடியாது. நான் சட்டியைக் கொடுத்துவிட்டு வழக்கமான இடத்தில் நின்றேன். அவர் அன்றைக்குக் குதிரையின் தலையைக் கட்டவே இல்லை. குழலையும் எடுக்கவில்லை. சட்டியை அப்படியே குதிரைக்கு முன்னால் பிடித்தார், அது உறிஞ்சிக் குடித்தது. அவர் அதன் கழுத்தைத் தடவிக்கொண்டு சொன்னார்:

"ஒரு விசயம் சொல்லட்டா மனே? பாண்டிருப்பில எட்டாம் நாளே பரிசாரியக் கண்டுட்டன். ஏழு நாள்தான் சொன்னவராம். நீ குடிக்கிறது வெறும் பனங்கட்டித் தண்ணி, எனக்குத் தெரியும், நாக்கில வெச்சுப் பாத்தனான். வேலி கீழால உக்கிப் போச்சு மனே, அங்கால நிக்கிற ஆள்ர கால் தெரியிது. முதல் நாளே தெரியும். மருதோண்டி போட்ட கால்."

நான் என் காலைக் குனிந்து பார்த்தேன். கிடுகின் அடியில் அரை முழத்துக்கு ஒன்றுமே இல்லை. இரண்டு பாதமும் கொட்டிலைப் பார்த்து நின்றன.

அப்போதுதான் விளங்கியது. அவருடைய உம்மா மௌத்தான கதையும், ஓதப்போன கதையும், முடிக் கதையும் குதிரைக்குச் சொன்னவை அல்ல. எல்லாம் எனக்கு. எனக்கேதான்.

அவர் குதிரையை விட்டுவிட்டு வேலியை நோக்கித் திரும்பினார். ஓட்டைக்குள்ளால் அவருடைய முகம் முழுதாகத் தெரிந்தது. கழுத்து நரம்பு புடைத்தது. கால் நிலத்தைத் தட்டியது.

"இ... இ... இ... இஞ்ச வா புள்ள."

எனக்கு வந்தது. அந்தச் சிரிப்பு. அல்லாஹ் அறிய, அவருடைய திக்கலுக்கு வந்ததல்ல. சந்தோசம் ஒரு பக்கம், பிடிபட்ட வெட்கம் ஒரு பக்கம், இரண்டும் சேர்ந்து சிரிப்பாக வெளியே வந்துவிட்டது. மூக்காலும் வாயாலும் வந்தது. ஓடினேன். குசினிக்குள் புகுந்து கதவைச் சாத்திக்கொண்டு, சிரித்து, பிறகு அழுது, பிறகு கதவைத் திறந்து பார்த்தபோது கடப்படியில் சட்டி கவிழ்த்து வைத்திருந்தது. அவர் கரத்தையைக் கட்டிக்கொண்டு போயிருந்தார்.

அவருக்குக் கேட்டது சிரிப்பு மட்டும்தான். வேறு எதை அவர் கேட்டிருக்க முடியும்?

மறுநாள் பின்னேரம் அவர் அசறுத் தொழப் பள்ளிக்குப் போன நேரம், கலியாணத்துக்குப் பிறகு முதல் தரமாகக் கடப்பைத் தாண்டிக் கொட்டிலுக்குப் போனேன். அவர் திரும்பி வருகிற நேரத்தைக் கணக்குப் பண்ணித்தான் போனேன். அவர் எனக்குச் சொன்ன வழியிலேயே நானும் அவருக்குச் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். குதிரையின் பக்கத்தில் நின்று, தெருப்படலை திறக்கிற சத்தம் கேட்டதும் தொடங்கினேன்.

"இஞ்ச கேளு மனே. நான் அவரப் பாத்துச் சிரிக்கல்ல. நேத்தும் இல்ல, அண்டைக்கும்..."

அவ்வளவுதான் சொல்ல விட்டது. சக்களத்தி என் தோளைக் கவ்விவிட்டது.

நான் போட்ட கூச்சலில் பின்வளவில் இருந்து உம்மா ஓடி வந்தார். என் புருஷன் அதற்கு முன்னால் வந்துவிட்டார். குதிரைக்கு ஒரு அடி கொடுத்தார். அந்தக் குதிரைக்கு அவர் அடித்ததை நான் கண்டது அந்த ஒரு தரம்தான். என்னைத் தூக்கிக்கொண்டு போய் உள்ளே இருத்தி, காயத்தைக் கழுவி, மஞ்சள் அரைத்துப் பூசினார். அந்தக் கை எவ்வளவு மெதுவாகப் பூசியது! பூசிவிட்டு என் முகத்தைப் பார்த்து, "நோ... நோ... நோகுதா?" என்றார். நான் அழுதேன். நோவினால் அழுகிறேன் என்று நினைத்து இன்னும் கொஞ்சம் மஞ்சள் பூசினார். சொல்ல வந்ததை அன்றைக்கும் சொல்லவில்லை.

அதற்குப் பிறகு அவர் என்னோடு கொஞ்சம் கொஞ்சமாகக் கதைத்தார், இல்லை என்று சொல்ல மாட்டேன். "மீன் ந... நல்லம்." "பிள்ளைக்குக் கா... காய்ச்சல்." நாலு பிள்ளை பெற்றோம், வளர்த்தோம். தெருவில் பஸ் கூடிய பிறகு கரத்தைக்கு ஆள் குறைந்தது. குதிரையை அவர் விற்கவில்லை. கிழடாகி அந்தக் கொட்டிலிலேயே செத்தது, மூன்று நாள் அவர் சரியாகச் சோறு தின்னவில்லை. ஆனால் மடை திறந்த அந்தக் கதை, அந்தக் குரல், அதற்குப் பிறகு எனக்குக் கிடைக்கவே இல்லை. குதிரைக்கு வேறு நோயும் வரவில்லை.

இரண்டாவது பிள்ளை பிறந்த பிறகு ஒரு நாள் துணிந்து சொன்னேன். "அண்டைக்கு வேலிக்கு அங்கால நிண்டு நான் உங்களப் பாத்துச் சிரிக்கல்ல மச்சான்." அவர் பிள்ளையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டிருந்தார். "ம்" என்றார். நம்பின "ம்"மா, நம்பாத "ம்"மா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

அவர் மௌத்தாகிப் பதினொரு வருடம். கடற்கரைப் பக்கத்து மையவாடியில் அடக்கியிருக்கிறது. எங்கள் ஊரில் பெண்கள் மையவாடிக்குள் போவதில்லை, அதைச் சுற்றி ஒரு மதில் இருக்கிறது. ஆசுபத்திரிக்குப் போய்த் திரும்பும்போது மகனை ஓட்டோவை நிறுத்தச் சொல்லிவிட்டு மதிலடியில் கொஞ்ச நேரம் நிற்பேன். காலுக்குக் காற்றுப் படட்டும் என்று மகனுக்குச் சொல்லுவேன். ஆணத்துக்குப் புளி இப்போது அளவுதான் என்று அவருக்குச் சொல்லுவேன். முடி எல்லாம் கொட்டிவிட்டது என்று சொல்லுவேன். மதில் கல் மதில், கீழே உக்கவில்லை, என் கால் அவருக்குத் தெரியாது.

ஆனாலும் நிற்கிறேன். நாலு தரம் திக்கியாவது "இஞ்ச வா புள்ள" என்று இன்னொரு தரம் கூப்பிடட்டும். இந்த முறை சிரிக்க மாட்டேன், ஓடவும் மாட்டேன்.